தார்க்கயிற்றுத் தாலி

இன்னா தங்கச்சி, கொழும்புல கப்பல் ஏறினதுலேருந்து என் கழுத்தையே பாத்துக்கினு வர? கேட்டுடு, பரவால்ல. கயிறு ஏன் இப்பிடிக் கறுப்பா கெடக்குது, அதுல ஏன் ஒரு குண்டுமணிப் பொன்னுகூட இல்ல, அதானே? நான் அறுத்தவ இல்ல. அதை முதல்ல மனசுல வாங்கிக்கோ. என் வூட்டுக்காரரு அதோ, அந்தக் கரையில இருக்காரு. மசூலா படகு தள்ளுறவரு. கம்பத்துல கொடி பறக்குதே, அலை அடங்கினா அதை இறக்குவாங்க. இறக்கினா நம்மளை ஏத்திக்கப் படகுங்க வரும். ஏதாவது ஒண்ணுல அவரு நிப்பாரு. நான் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா நிப்பாரு. ஏன் நிக்காம?

கொஞ்சம் இப்பிடி நவுந்து உக்காரு, வெயில் அடிக்குது. கொடி இறங்குற வரைக்கும் சொல்றேன். 

என் பேரு தாயாரம்மா. ராயபுரத்துப் படகுக்காரங்க வூட்டுல பொறந்தவ. ஒன்பது வருஷம் தொரை வூட்டுல ஆயா வேலை பாத்தேன். இங்கிலீஷு எனக்குத் தண்ணி பட்ட பாடு. சமையக்காரனும் தோட்டக்காரனும் தொரசானி முன்னாடி "எஸ், எஸ்"னு தலையை ஆட்டிக்கினு நிப்பானுங்க. நான் ஒருத்திதான் நேருக்கு நேரா பதில் சொல்லுவேன். "ஆயா, உன் வாயை அடக்க இந்தப் பட்டணத்துலயே ஆளில்ல"ன்னு தொரசானி சிரிக்கும். அந்த தொரசானிதான் புள்ளைங்களைக் கூட்டிக்கினு சீமைக்குப் போறப்ப என்னையும் கூப்பிட்டுது. திரும்பி வர கப்பல் சீட்டு நான் எடுத்துத் தரேன்னு சத்தியம் பண்ணுச்சு. சின்னது ரெண்டும் என் மடியில படுத்தாத்தான் தூங்கும். போனேன்.

ஒரு வருஷம் போல ஆனதும் புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டாங்க. அப்புறம் ஆயாவுக்கு இன்னா வேலை? ஒரு நாள் என்னை ஒரு சத்திரத்துல உக்கார வச்சு, "இரு ஆயா, ஒரு வாரத்துல சீட்டோட வரேன்"னு தொரசானி போச்சு. தொரசானியைக் குத்தம் சொல்லமாட்டேன். நல்ல மனுஷி. அதுக்கு ஆயிரம் ஜோலி, மறந்திருக்கும். மூணு வாரம் ஆச்சு. சத்திரக்காரி என் மூட்டையைத் தெருவுல வச்சா. பனியில நின்னுக்கினு இருந்தவளைப் போலீஸ்காரன் ஒருத்தன் கூட்டிக்கினு போயி, ஒரு பெரிய கேட்டு முன்னாடி விட்டான்.

வொர்க்ஹவுஸுன்னு பேரு, கதியத்தவங்களைச் சேத்து வச்சு வேலை வாங்குற எடம். நம்ம பட்டணத்துக் கஞ்சித்தொட்டிக்கும் ஜெயிலுக்கும் கண்ணாலம் பண்ணி வச்சா ஒரு புள்ளை பொறக்கும் பாரு, அது. வெள்ளைக்காரன் ஊர்ல ஏழை ஏதுன்னு கேக்குறியா? நானும் அப்பிடித்தான் நெனச்சேன். எண்ணூறு பேரு, தங்கச்சி! அத்தினி பேரும் வெள்ளைத்தோலு. கேட்டு தாண்டினதும் புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம், புள்ளைங்க ஒரு பக்கம். நடுவுல ஆள் உசரத்துக்கு மேல செவுரு. அறுவதைத் தொடப்போற கிழவனையும் கிழவியையும்கூடப் பிரிச்சுத்தான் வச்சிருந்தான். கேட்டா சட்டமாம்.

போனதும் குளிக்க வைக்கிறாங்க. மேட்ரன்னு ஒருத்தி, இடுப்புல சாவிக்கொத்தோட. பொம்பளைங்களுக்கெல்லாம் அவதான் எஜமானி. உடுத்தியிருக்கிற துணியை அவுத்து அவகிட்ட குடுத்துடணும். வெளிய போற அன்னைக்குத்தான் திரும்பக் கெடைக்கும். எனக்கு முன்னாடி ஒருத்தி நின்னா, விரல்ல மோதிரம். மேட்ரன் சொல்றா, "தங்கம் வச்சிருக்கிறவ ஏழை இல்ல. குடுத்தா வித்து உன் சோத்துக்கு எடுத்துக்குவோம். இல்லையா, கேட்டு அந்தப் பக்கம்." கண்ணாலத்து மோதிரம்மான்னு அவ அழறா. சோப்பு போட்டு இழுத்துட்டாங்க.

என் கையி தானா கழுத்துக்குப் போச்சு. தாலிக் கயித்துல ரெண்டு பொன் பொட்டு, நடுவுல ஒரு பவழம். எங்க மாமியாரு சொல்லும், "அவன் அலையில நிக்கிற வரைக்கும் உன் கழுத்து வெறுமையா இருக்கக்கூடாதுடி"ன்னு. மசூலா படகுல ஆணி கிடையாது தெரியுமா? பலகையைக் கயித்தால தைச்சிருப்பாங்க. அந்தக் கயிறும் என் கழுத்துக் கயிறும் ஒண்ணுன்னு சொல்லும் கிழவி. ஒண்ணு விட்டா இன்னொண்ணு விடும்.

நான் அறுக்கல. அவுத்தேன். அறுக்கவே இல்ல. பொட்டையும் பவழத்தையும் வாய்க்குள்ள போட்டு, கன்னத்தோரமா ஒதுக்கிக்கினேன். கழுத்துல இல்லன்னாலும் உடம்புல இருக்கட்டும்.

மேட்ரன் என் பேரு கேட்டா. வாய்க்குள்ள தாலி, இன்னா சொல்லுவேன்? புருஷன் பேரு கேட்டா. அது வாய் காலியா இருந்தாலும் சொல்லமாட்டேன். ஊரு கேட்டா. மலங்க மலங்க முழிச்சேன். ரெண்டு தரம் கத்திக் கேட்டுட்டு, "இவளுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது"ன்னு புஸ்தகத்துல எழுதிக்கினா. எனக்கு! அடிப்பாவின்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், நல்லதுதானே? பாஷை தெரியாதவகிட்ட யாரு கேள்வி கேப்பா? அன்னையிலேருந்து நான் ஊமைச்சி.

விடியக்காத்தால மணி அடிப்பான். எந்திரிக்க ஒரு மணி, திங்க ஒரு மணி, வேலைக்கு ஒரு மணி, படுக்க ஒரு மணி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கோடு போட்ட கவுனு, தலையில வெள்ளைக் குல்லா. காலையில ஒரு துண்டு ரொட்டி, ஒரு அகப்பை கூழு. கூழுன்னு சொல்றது நம்ம கூழுக்கு அவமானம், உப்பு கிடையாது, மோர் கிடையாது. சாப்பிடுறப்ப பேசக்கூடாது. வரிசையா உக்காந்து முன்னாடி இருக்கிறவ முதுகைப் பாத்துக்கினே முழுங்கணும்.

அப்புறம் வேலை. கப்பல்ல அடிபட்டுத் தேஞ்ச பழங்கயிறு இருக்குதே, தார் பூசினது, கல்லு மாதிரி இருக்கும். அதைத் துண்டு துண்டா வெட்டிக் குடுப்பான். விரலாலயே பிரிச்சுப் பிரிச்சு நாராக்கணும். கப்பல் பலகை இடுக்குல அடைக்கறதுக்கு. நாங்க கயிறு திரிக்கிற ஜனம், என்னைக் கயித்தைப் பிரிக்கச் சொல்றான், பாத்தியா என் தலையெழுத்தை? முதல் வாரம் நகக்கண்ணுல ரத்தம். ஒரு நாள் ஒரு சிம்பு ஏறிடுச்சு. தொரை கோபத்துல சொல்ற கெட்ட வார்த்தை ஒண்ணு, இங்கிலீஷ்ல, என் வாயிலேருந்து விழுந்துடுச்சு.

பக்கத்துல இருந்த கிழவி கையை நிறுத்தினா. ஹன்னான்னு பேரு. ஊரு வூட்டுல தரை துடைச்சே முட்டி தேஞ்சவ. என்னைப் பாத்தா. அந்தண்ட இந்தண்ட பாத்தா. தலையைக் குனிஞ்சு குல்லா மறைவுல சிரிச்சா. யார்கிட்டயும் சொல்லல. அன்னையிலேருந்து உதடு அசையாம ரெண்டு பேரும் பேசிக்கினே நாரு பிரிப்போம். அந்த எண்ணூறு பேர்ல எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு தெரிஞ்சவ அவ ஒருத்திதான். தாலி விஷயத்தையும் சொன்னேன். குல்லா மடிப்புல வச்சுத் தைச்சிருக்கேன், சனிக்கிழமை குளிக்கிறப்ப வாய்க்குப் போயிடும்னு. அவ தன் விரலைக் காட்டினா. மோதிரம் கழட்டின தடம், ஆறு வருஷம் ஆகியும் போகல.

அவ புருஷன் ஜோசப்பு செவுருக்கு அந்தப் பக்கம் இருந்தான். ஞாயித்துக்கிழமை அங்கயே இருக்கிற மாதா கோயில்ல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல பலகைத் தட்டி. மூஞ்சி தெரியாது. ஆனா அவனுக்கு ஒரு இருமல். ரெண்டு தரம் சின்னதா, அப்புறம் ஒண்ணு பெருசா. பாட்டு முடிஞ்சு எல்லாரும் உக்காருறப்ப வரும். ஹன்னா தலையைச் சாய்ச்சுக்கினு காத்திருப்பா. வந்ததும் என் தொடையில ஒரு தட்டு தட்டுவா. இன்னொரு வாரம் உசுரோட இருக்கான்னு அர்த்தம்.

அவளுக்கு ஒரே ஆசைதான். ரெண்டு பேருக்கும் அறுவது ஆயிட்டா, நடத்தை சரியா இருந்தா, மனு போட்டு ஒரே அறையில இருக்கலாமாம். அவனுக்கு ஆயிடுச்சு. அவளுக்குக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த மாசம். மனுவும் போட்டாச்சு. "ஒரு கரும்புள்ளி இல்லாம இத்தினி வருஷம் இருந்துட்டேன், இன்னும் ஏழு வாரம்"னு விரலை மடக்குவா.

அந்த நேரம் பாத்து எனக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. ஆஸ்பத்திரிக் கட்டுக்குத் தூக்கிக்கினு போகப்போறாங்க. அங்க துணி, குல்லா எல்லாம் மாத்திடுவாங்க. வாயில வச்சுக்கலாம்னா டாக்டரு முதல்ல நாக்கை நீட்டுன்னுதான் சொல்லுவான். இன்னா பண்ணுவேன்? தையலைப் பிரிச்சு ஹன்னா கையில வச்சேன். ஒரு நாள் வச்சிரு, ஒரே நாள்னு சொன்னேன். அவ யோசிச்சா. யோசிச்சதை நான் பாத்தேன். அப்புறம் குல்லாவுக்குள்ள சொருகிக்கினா.

மறுநாளு சமையக்கட்டுல ஒரு கரண்டி காணோம்னு மேட்ரன் எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுக் குல்லாவைக் கழட்டச் சொல்லியிருக்கா. என் தாலி ஹன்னா காலடியில விழுந்துடுச்சு.

மத்தியானம் அவளை இஸ்துக்கினு என் படுக்கைக்கு வந்தா மேட்ரன். உள்ளங்கையில பொட்டு ரெண்டும், பவழமும். "இது உங்க நாட்டு வேலைப்பாடு மாதிரி இருக்குது. உன்னுதா?" ஹன்னா சொல்றா, "அவளை ஏம்மா தொந்தரவு பண்ற, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இது என்னுது. எங்கம்மா குடுத்தது." மேட்ரன் நம்பல. "உனக்கு ஏது தங்கம்? எங்கயோ திருடியிருக்க"ன்னா. மறுபடி என்கிட்ட வந்து, என் கழுத்தைத் தொட்டுக் காட்டினா. தாலியைக் காட்டினா. இது உன் கழுத்துல கெடந்ததான்னு சைகை.

சைகைக்கு ஏது பாஷை? குழந்தைக்குக்கூடப் புரியும்.

முழிச்சேன். மலங்க மலங்க முழிச்சேன், தங்கச்சி.

இன்னா அப்பிடிப் பாக்குற? நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப? என்னுதுன்னு சொன்னாலும் தாலி போனதுதான். ஒளிச்சு வச்சேன்னு ஒரு கேஸு, இங்கிலீஷ் தெரியாதுன்னு ஏமாத்தினேன்னு ஒரு கேஸு. கருப்பச்சியை அந்த ஊரு ஜெயில்ல போட்டா யாரு கேப்பா? நான் எப்ப ஊர் வந்து சேருறது? ஹன்னா அவங்க ஜனம், அவளை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன். அதுவுமில்லாம எனக்கு நூத்திமூணு டிகிரி காய்ச்சல். வார்த்தையே வரல. அவங்க இங்கிலீஷும் தொரை வூட்டு இங்கிலீஷ் மாதிரி இல்ல, கொச்சை, பாதி எனக்குப் புரியவே புரியாது.

புரிஞ்சுது. சரி, புரிஞ்சுது. நீ ஒண்ணும் சொல்லவேணாம்.

இருபத்தோரு நாள் ஜெயிலு போட்டான் அவளுக்கு. மனுவைத் தள்ளிட்டான். என் தாலியை இன்னா விலைக்கு வித்தானோ, எவ கழுத்துல கெடக்குதோ. வெறுங்கழுத்தோட படுத்துக்கினு இருந்தேன். கண்ணை மூடினா கடலு. படகுல தையல் விடுது, பலகை பிரியுது, அவரு தண்ணியில. மாமியாரு தலைமாட்டுல நின்னு திட்டுது. என் பயத்தை யார்கிட்ட சொல்லுவேன்? நான்தான் ஊமையாச்சே.

எழுந்து நடமாடினதும் முதல் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனேன். பாட்டு முடிஞ்சுது, இருமல் வந்துச்சு. ரெண்டு சின்னது வந்துச்சு, பெருசு வரல. அடுத்த ஞாயிறு ஒண்ணுமே வரல. துணி துவைக்கிற எடத்துல பேசிக்கினாங்க, அந்தப் பக்கத்துல ஜோசப்புன்னு ஒரு கிழவன் புதன்கிழமை போயிட்டான், பொண்டாட்டி ஜெயில்ல இருக்காளாம், வெள்ளிக்கிழமையே பொட்டியில போட்டுக் கொண்டுபோய் பொதைச்சாச்சுன்னு.

அப்ப எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? சொல்லிடறேன். நாளைக்கு நீ யாரோ நான் யாரோ. ஒரு உசுரு போகணும்னு இருந்துச்சு. என் தாலி அவ தலையில ஏறினதால அது தடம் மாறி அந்தப் பக்கம் போயிடுச்சு. என் வூட்டுக்காரரு தப்பிச்சாருன்னு தோணுச்சு. நான் சந்தோஷப்பட்டேன், தங்கச்சி. தார் நாரைக் கையில வச்சுக்கினு சந்தோஷப்பட்டேன். நீ மூஞ்சைத் திருப்பிக்கோ. பரவால்ல.

அடுத்த சனிக்கிழமை ஹன்னா திரும்பி வந்தா. தலையைக் கத்திரிச்சு விட்டிருந்தாங்க. கண்ணு உள்ள போயிடுச்சு. என் பக்கத்துல உக்காந்து வேலையை எடுத்தா. கொஞ்ச நேரம் கழிச்சு, உதடு அசையாம, "மன்னிச்சுக்கோ"ன்னா.

நான் இல்ல. அவ. என்கிட்ட.

"உன் தங்கத்தை நான் காப்பாத்தாம விட்டுட்டேன். நீ வாய் திறக்காம இருந்தது நல்லது, கெட்டிக்காரி. ரெண்டு பேரும் போயிருப்போம்." சொல்லிட்டு, கைக்குள்ளேருந்து இந்தக் கயித்தை எடுத்து என் மடியில போட்டா. ஜெயில்லயும் அதே தார்க்கயிறுதான் பிரிக்கக் குடுத்தானாம். தினம் ஒரு நாரு திருடி, நான் சொல்லிக் குடுத்த மாதிரி முப்புரியா திரிச்சிருக்கா. "தங்கத்துக்குத்தானே அவங்க வருவாங்க? இதை எவ கேப்பா? கட்டிக்கோ, உன் ஆளு பத்திரமா இருப்பான்"னா. அப்புறம், "மனுவைத் தள்ளிட்டாங்க. திரும்பப் போடுவேன். என் கிழவன் இந்தக் குளுரைத் தாண்டிட்டா போதும்"னா.

அவளுக்கு யாரும் சொல்லல. ஜெயிலுக்கு ஆள் அனுப்பல. வந்த பின்னாடியும் சொல்லல. எனக்குத் தெரியும். என் வாயில அப்ப தாலி இல்ல, ஒண்ணும் இல்ல. காலி வாய்தான். நான் பேசுவேன்னு அவளுக்குத் தெரியும். ரெண்டே வார்த்தை. சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், சத்தியமா திறந்தேன். மேட்ரன் அந்தண்ட போனா, மூடிக்கினேன். அப்புறம் மணி அடிச்சுட்டான்.

மறுநாளு ஞாயிறு. பாட்டு முடிஞ்சுது. எல்லாரும் உக்காந்தோம். ஹன்னா தலையைச் சாய்ச்சா. கத்திரிச்ச தலை, காது முழுசாத் தெரியுது. காத்திருந்தா. அந்தப் பக்கம் எவன் எவனோ இருமினான். அது இல்ல. பாதிரி பேச ஆரம்பிச்சான். காத்திருந்தா. என் கையைப் புடிச்சா.  அப்புறம் மெதுவா திரும்பி என்னைப் பாத்தா. வாயால ஒண்ணும் கேக்கல. கண்ணால கேட்டா.

முழிச்சேன்.

மேட்ரனுக்கு முழிச்ச அதே முழி. அவளுக்கு. ஹன்னாவுக்கு.

கையை எடுத்துக்கினா. அதுக்கப்புறம் என் பக்கத்துல அவ உக்காரல.

அடுத்த மாசம் ஒரு மிஷன் அம்மா எங்களைப் பாக்க வந்துச்சு. இந்தியாவுல இருந்ததாம். "பாவம், இவளுக்கு பாஷை தெரியாது"ன்னு மேட்ரன் என்னைக் காட்டுறா. நான் எந்திரிச்சு நின்னேன். "அம்மா, நான் மதராஸு. ஒன்பது வருஷம் ஆயா வேலை. எனக்கு நல்லா இங்கிலீஷ் வரும். என்னை ஊருக்கு அனுப்பிடுங்கம்மா"ன்னு கொட்டிட்டேன். மேட்ரன் வாயைப் பொளந்தா. அத்தினி பெஞ்சியும் திரும்பிப் பாத்துச்சு. கடைசி பெஞ்சியில ஒருத்தி மட்டும் திரும்பல. நாரைப் பிரிச்சுக்கினே இருந்தா. மூணே வாரத்துல கொழும்புக்குப் போற தொரை வூட்டுப் புள்ளைங்களைப் பாத்துக்கன்னு என்னைக் கப்பல் ஏத்திட்டாங்க. அவங்க கொழும்புல இறங்கி எனக்கு இந்தச் சீட்டு எடுத்துக் குடுத்தாங்க. நீயும் அங்கதான் ஏறின. அவ்ளோதான் கதை.

அடியேய், கொடி! கொடி இறங்குது பாரு! எந்திரி, எந்திரி, இந்தக் கம்பியைப் புடிச்சுக்கோ. அதோ வருதுங்க. ஒண்ணு, ரெண்டு, நாலு. அலையில ஏறுது பாரு. முதல் படகுல இல்ல. அது எங்க சின்ன மாமனாரு. ரெண்டாவதுல... ரெண்டாவதுலயும் இல்ல. கடவுளே, ஏழுமலையானே. அந்த மூணாவது. பின்னாடி துடுப்பை ஊனிக்கினு, இடது காலை முன்னாடி வச்சு நிக்கிறாரே. அந்த நிப்பு வேற எவனுக்கும் வராது. அவருதான்! இருக்காரு! நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல தங்கச்சி, நிப்பாருன்னு? கயிறு விடல. அந்தக் கிழவி திரிச்ச கயிறு விடவே இல்ல.

படகு கிட்ட வந்துடுச்சு. பாத்துட்டாரு. கையை ஆட்டுறாரு. இரு, ஏன் கையை இறக்கிட்டாரு? இந்த முந்தானையைக் கொஞ்சம் இழுத்து விடு, கழுத்து மேல. காத்துல நிக்க மாட்டேங்குது.

கேக்குறாரு. கீழேருந்து கத்திக் கேக்குறாரு, நீயும் கேட்டதானே? "தாயாரு, தாலி எங்கடி? யார்கிட்ட குடுத்தே? இன்னா ஆச்சு?"

என்னை ஏன் இடிக்கிற, காதுல விழலையான்னு? விழுது தங்கச்சி. ஒவ்வொரு வார்த்தையும் விழுது. தமிழ்லதானே கேக்குறாரு.